தமிழ்ச் சமணர் எத்தனை பேர்? விடை படிவத்திலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துச் சமணக் கோயில்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். கோயில்களைப் பற்றி அதில் எழுதப்பட்டவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரையின் நடுவில், இன்று தமிழ்ச் சமணர்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்துவிட்டது. அந்த வரி சரியன்று. அதை அப்படியே விட்டால் நாளை இன்னொருவர் எடுத்தாள்வார், அடுத்த ஆண்டு ஏதாவதோர் ஆய்வேட்டில் ஏறிவிடும், அதன் பிறகு அதை இறக்குவது எளிதன்று என்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கணக்கெடுப்பாளராகவும், 2011இல் மேற்பார்வையாளராகவும் பணியாற்றியிருக்கிறேன். பிறப்பால் தமிழ்ச் சமணன். ஆகவே, இந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஓரளவு அறிவேன்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். 2001இல் அது 83,359ஆக இருந்தது. கட்டுரையாளர் இந்த 89,265ஐத்தான் முழுமையாக்கி 90 ஆயிரம் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அது தமிழ்நாட்டில் வாழும் சமணர் அனைவருடைய எண்ணிக்கை. தமிழ்ச் சமணருடைய எண்ணிக்கை அன்று. இராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் வந்து, சென்னை சவுகார்பேட்டையில் தொடங்கி வேலூர், சேலம், கோயம்புத்தூர், மதுரை வரை துணிக்கடையும் நகைக்கடையும் அடகுக்கடையும் நடத்துகிற குடும்பங்கள் அதில் அடக்கம். அவர்களில் பெரும்பாலோர், சமணத்தின் இரு பெரும் பிரிவுகளுள் ஒன்றான சுவேதாம்பரப் பிரிவினர். வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டுக்கொண்டு, ஊருக்கொரு ஜினாலயத்தை வைத்துக்கொண்டு, மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமை மடமாகக் கொண்டு வாழ்கிற நாங்கள் மற்றொரு பிரிவான திகம்பரர். அவர்களும் சமணரே, நாங்களும் சமணரே. அருகனை வணங்குவதில் வேறுபாடு இல்லை. ஆனால் மொழி வேறு, பழக்கவழக்கம் வேறு, கொள்வினை கொடுப்பினை இல்லை. இருவரையும் சேர்த்து எண்ணியதை ஒருவருக்கு மட்டும் உரிய எண்ணாகச் சொல்வதில்தான் பிழை.

சரி, தமிழ்ச் சமணர் மட்டும் எத்தனை பேர்? 25 ஆயிரம் என்பார்கள், 30 ஆயிரம் என்பார்கள், 35 ஆயிரம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் அரசு எண்ணிச் சொன்ன கணக்கு அன்று. எங்கள் ஆட்களும் வெளியாட்களும் பலவிதமாகக் கணித்துச் சொன்னவை. அந்தக் கணிப்புகள் எப்படி உருவாகின்றன என்பதைச் சற்று விளக்கினால், அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

முதலாவது கழித்தல் கணக்கு. 2011இல் சென்னை மாவட்ட மக்கள்தொகையில் சமணர் ஏறத்தாழ 1.1 விழுக்காடு, அதாவது ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. மாநில மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் 38 ஆயிரம் அளவில் மிஞ்சும். அந்த மிச்சமே தமிழ்ச் சமணர் என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. இதில் இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. சென்னையைக் கழிக்கும்போது, வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஊரைவிட்டுச் சென்னையில் குடியேறிய தமிழ்ச் சமணர்களையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். மிச்சத்தில் கோவை, சேலம், வேலூர் முதலிய ஊர்களின் மார்வாரிக் குடும்பங்களைச் சேர்த்தே வைத்துக்கொள்கிறோம். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டினால் விடை சரியாக வரும். சரிக்கட்டுகிறதா என்பதை அறிய வழியில்லை. தேர்வுத் தாளில் மாணவன் இப்படி விடை எழுதியிருந்தால், விடை பொருந்தினாலும் நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது குடும்பக் கணக்கு. எங்கள் கோயில்கள் ஒவ்வொன்றிலும் வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல் உண்டு. குடமுழுக்கு என்றால், மகாவீரர் ஜெயந்தி என்றால், அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வசூல். எல்லா ஊர்ப் பட்டியலையும் கூட்டி, வந்த தொகையை ஐந்தால் பெருக்குவது வழக்கம். ஐந்து என்பது எங்கள் அப்பா காலத்து எண். அப்போது அதுவே குறைவு. இன்று தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேர்கூட இல்லை என்பது 2011 கணக்கெடுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பேச்சுக்கு ஏழாயிரம் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தால் பெருக்கினால் 35 ஆயிரம், நான்கால் பெருக்கினால் 28 ஆயிரம். ஓர் ஆள்கூடப் பிறக்காமலும் இறக்காமலும் ஏழாயிரம் பேர் காணாமற் போகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பட்டியலிலேயே இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் பட்டியலில் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. மாலையில் தெருவில் நடந்துபோனால் விளக்கெரிகிற வீடு பத்தைத் தாண்டாது. மற்ற வீடுகளில் சில பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றில் ஒரு கிழவரோ கிழவியோ இருக்கிறார்கள், இரண்டு வீடுகளின் மேல்தளம் இடிந்து உள்ளே வேம்பு முளைத்திருக்கிறது. ஆனால் அந்த நாற்பது பேரும் வரி கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதே ஆள் சென்னையில் தான் குடியிருக்கும் பகுதியின் சமணச் சங்கத்திலும் உறுப்பினர். பெங்களூருவில் இருக்கும் அவருடைய மகன் அங்கே ஒரு பட்டியலில். ஒரே குடும்பம் மூன்று பட்டியலில் மூன்று குடும்பமாக நிற்கிறது.

மூன்றாவது பட்டப்பெயரைக் கொண்டு எண்ணுவது. தமிழ்ச் சமணர் நயினார்கள், ஆகவே வாக்காளர் பட்டியலில் நயினார்களைத் தேடி எண்ணிவிடலாம் என்று இளைஞர் ஒருவர் கணினியை வைத்துக்கொண்டு என்னிடம் ஆர்வத்தோடு சொன்னார். நல்ல பிள்ளைதான். ஆனால் தென்மாவட்டங்களில் நயினார் என்ற பெயர் இந்துக்களிடையே பரவலாக உண்டு. நயினார் முகம்மது என்ற பெயரையும் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. இன்னொரு பக்கம், எங்களுக்குள் முதலியார் என்றும் செட்டியார் என்றும் உடையார் என்றும் பட்டம் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் முயன்றபோது, அதிலுள்ள சமணச் செய்திகளை அவருக்கு விளக்கியவர்களில் ஒருவர் கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார். பட்டத்தைக் கொண்டு எண்ணப் புகுந்தால், அந்தச் செட்டியாரே கணக்கில் வரமாட்டார். அப்பாண்டைநாதன், ஜம்புகுமாரன், மருதேவி என்ற பெயர்களைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை இப்போது யார் வைக்கிறார்கள்?

இத்தனை குறையிருந்தும் இவர்களையெல்லாம் நான் குற்றம் சொல்லவில்லை. எண்ணி வைத்திருப்பவர் விடையை வெளியிடாதபோது, வெளியே நிற்பவர் ஊகிக்கத்தானே செய்வார்?

கணக்கெடுப்பிலும் குறை இல்லாமல் இல்லை. அதை நேரில் பார்த்தவன் நான். 2001 பிப்ரவரியில் ஒரு சமணர் வீட்டுக்குப் போனேன். மாலை நான்கரை மணி இருக்கும். இரவில் உண்ணாத சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், வீட்டுக்கு மூத்த அம்மாள் திண்ணையில் கோரைப்பாயை விரித்து, அவசர அவசரமாக முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் மதம் பற்றிய கேள்விக்கு வந்ததும் அவருடைய மகன், "இந்துன்னே போட்டுக்குங்க சார், எதுக்கு வம்பு" என்றார். எங்கள் ஆளே இப்படிச் சொல்கிறாரே என்று நான் பேனாவை எடுக்காமல் இருந்தேன். கணக்கெடுப்பாளர் தானாக எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டா, அப்ப கோயில்ல இருக்கிற அருகர் யாருடா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு சமணம்னு எழுது வாத்தியாரே. அவன் என்ன எழுதணும்னு அவனையே கேட்டுக்கோ" என்றார். குடும்பத் தலைவர் சொல்லும் மதத்தையே மற்றவர்களுக்கும் எழுதிவிடக் கூடாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த விதி ஏன் வைக்கப்பட்டது என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது. கடைசியில் மகனும் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் சமணம் என்றே எழுதச் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த அம்மாள் திண்ணையில் இல்லாத வீடுகளில் என்ன ஆயிற்று? 2011இல் மேற்பார்வையாளராகப் படிவங்களைச் சரிபார்த்தபோது, ஒரு கணக்கெடுப்பாளர் தெரு முழுக்கவும் மதத்துக்கு நேரே ஒரே எண்ணை, இந்துவுக்கு உரிய 1ஐ, எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த சமணக் குடும்பங்கள் மூன்று. கேட்டதற்கு, "பேரெல்லாம் விஜயகுமார், சாந்தி, ராஜேந்திரன்னு இருந்துச்சு, அதான் கேக்கலை" என்றார். திருப்பி அனுப்பி மீண்டும் எழுத வைத்தேன். என் கண்ணில் பட்டது திருத்தப்பட்டது. ஆகவே 89,265 என்பதே சற்றுக் குறைவான எண்ணாக இருக்கலாம் என்று கருதுகிறேன். எவ்வளவு குறைவு என்று சொல்லத் துணிய மாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் மேலே சொன்ன கணிப்பாளர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவேன்.

பழைய கணக்கெடுப்புகளைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. 1871 முதல் சென்னை மாகாணத்தில் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. ஆனால் அந்த மாகாணத்தில் மங்களூரை உள்ளடக்கிய தென்கன்னட மாவட்டமும் சேர்ந்திருந்தது. மூடபித்ரியும் கார்க்களமும் அங்கேதான் உள்ளன. அங்கே கன்னடமும் துளுவும் பேசும் சமணர்கள் கணிசமாக இருந்தார்கள். மாகாண மொத்தத்தை எடுத்துக்கொண்டு தமிழ்ச் சமணர் அன்று இவ்வளவு, இன்று இவ்வளவு என்று ஒப்பிடுகிறவர்கள், 90 ஆயிரம் என்று எழுதிய கட்டுரையாளர் செய்த அதே பிழையை நூறு ஆண்டுகள் பின்னே போய்ச் செய்கிறார்கள். வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர் என்று மாவட்ட வாரியாகப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பழைய தொகுதிகள் பயன்படும். மதுரைப் பக்கம் யானைமலை, சமணர்மலை, மாங்குளம் என்று மலைக்கு மலை சமணச் சின்னங்கள் இருப்பதைப் பார்த்து, அங்கே இன்றும் நிறையத் தமிழ்ச் சமணர் இருப்பார்கள் என்று நினைக்கிறவர்களையும் சந்தித்திருக்கிறேன். கல்வெட்டு இருக்கிற இடம் வேறு, குடும்பம் இருக்கிற இடம் வேறு.

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 2011 படிவத்தில் ஏழாவது கேள்வி மதம். பத்தாவது கேள்வி தாய்மொழி. ஒரே ஆளிடம், ஒரே திண்ணையில், ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டும் கேட்கப்பட்டு, ஒரே தாளில் எழுதப்பட்டன. மதம் சமணம், தாய்மொழி தமிழ் என்று பதிந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை அந்தத் தாள்களிலேயே இருக்கிறது. ஆனால் வெளியீட்டில் மத அட்டவணை தனியாகவும் தாய்மொழி அட்டவணை தனியாகவும் வந்தன. இரண்டையும் குறுக்கே வைத்து ஓர் அட்டவணை போட்டால், இத்தனை ஆண்டுகளாக நாங்கள் செய்துவரும் பெருக்கலும் கழித்தலும் தேவைப்படா. இதற்குப் புதிய கேள்வி வேண்டாம், புதிய படிவம் வேண்டாம், கூடுதல் ஆளும் வேண்டாம்.

சிறிய சமுதாயத்துக்காக யார் அட்டவணை போடுவார்கள் என்று கேட்கலாம். பார்சிகள் 2001இல் 69,601 பேர், 2011இல் 57,264 பேர் என்று கடைசி இலக்கம் வரை நமக்குத் தெரிகிறது. அவர்களுக்குப் படிவத்தில் தனி எண் இல்லை. பிற மதங்கள் என்ற தலைப்பின்கீழ் எழுத்தில் எழுதியதைப் பிரித்துத் தொகுத்து வெளியிட்டதால் தெரிந்தது. அதனால்தான் பார்சிகளின் எண்ணிக்கை குறைந்துவருவதை எல்லோரும் அறிந்து கவலைப்பட முடிந்தது. அதே தலைப்பின்கீழ் பிரித்துக் காட்டியதால்தான், ஜார்க்கண்டிலும் அண்டை மாநிலங்களிலும் பழங்குடியினரின் சர்னா சமயத்தைத் தங்கள் மதமாக எழுதியவர்கள் 49 லட்சத்துக்கு மேல் என்பதும், அது இந்தியா முழுவதிலும் உள்ள சமணரின் எண்ணிக்கையான 44 லட்சத்துச் சொச்சத்தைவிடக் கூடுதல் என்பதும் தெரியவந்தன. எங்கள் நிலைமை தலைகீழ். எங்களுக்குப் படிவத்தில் ஆறாம் எண் என்று தனி எண்ணே உண்டு. அந்த எண்ணுக்குள்ளேயே நாங்கள் மறைந்து கிடக்கிறோம்.

இந்த அட்டவணையிலும் ஓட்டை இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று தலைமுறையாக வேலூரில் பிறந்து வளர்ந்த மார்வாரிக் குடும்பத்து இளைஞர் தாய்மொழி தமிழ் என்று சொல்லக்கூடும். அவர் அப்படிச் சொன்னால் அதை மறுக்க நமக்கு உரிமையும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கன்னடச் சமணர் ஒருவர் தமிழ்நாட்டில் பல தலைமுறை வாழ்ந்தும் கணக்குக்கு வெளியே நிற்பார். பெங்களூரு, மும்பை, புதுச்சேரி என்று போய்விட்ட எங்கள் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டுமானால், தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றி நாடு முழுவதற்கும் அட்டவணை வேண்டும். ஊர் வாரியாக வெளியிட்டால் நான்கு வீடு உள்ள ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். மாவட்ட அளவில் வெளியிட்டால் போதும். இந்த ஓட்டைகள் எல்லாம் சேர்ந்தாலும், 25 ஆயிரமா 90 ஆயிரமா என்று அலைகிற இன்றைய நிலையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சிறுபான்மையினரின் எண்ணிக்கை பற்றிய பேச்சில் வேறொரு சிக்கலும் உண்டு. எங்களைவிடக் கிறித்தவர்களுக்கு அது பெரிது. 2011இல் தமிழ்நாட்டில் கிறித்தவர் 6.12 விழுக்காடு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கே உரியதாயிருந்து, பின்னர் 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது, கிறித்தவர்களுக்கு இல்லை. தேவாலயத்துக்குப் போகிற ஒருவர் படிவத்தில் இந்து என்று சொல்வதற்குச் சட்டமே ஒரு காரணத்தை வைத்திருக்கும்போது, அந்த 6.12 குறைவாக இருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதைச் சாக்காக வைத்து, உண்மையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேடையில் எண்களை வீசுகிறவர்களிடம், எதைக் கொண்டு பெருக்கினீர்கள் என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா? குறைவாக எண்ணப்பட்டிருக்கிறது என்று தெரிவது ஒன்று. எவ்வளவு குறைவு என்று தெரிவது வேறொன்று.

சமணர் 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதற்குப் பிறகு கல்வி உதவித்தொகை, கல்லூரிகளுக்குச் சிறுபான்மைத் தகுதி என்று பேசும்போதெல்லாம் தமிழ்நாட்டுச் சமணர் என்றால் வணிகர், வசதியானவர் என்ற எண்ணமே முன்னால் வந்து நிற்கிறது. சென்னையின் எண்ணிக்கை பெரிது என்பதால் மாநிலச் சராசரியும் அதற்கேற்பவே அமையும். எழுத்தறிவோ தொழிலோ எதை எடுத்தாலும், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்திருக்கும் வந்தவாசிப் பக்கத்து நயினார் அந்தச் சராசரிக்குள் தெரிவதில்லை. மொழி வாரியாகப் பிரித்துக் காட்டினால் தெரிவார்.

2027 பிப்ரவரியில் அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. இம்முறை சாதியும் கேட்கப்படும், பதிவும் கைப்பேசிச் செயலி வழியாகவே நடக்கும். இதில் எங்கள் சமுதாயத்துக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது என்று அஞ்சுகிறேன். மதம் சமணம் என்று சொன்ன ஒருவர் சாதிக்கு முதலியார் என்றால், பயிற்சி குறைந்த கணக்கெடுப்பாளர் ஒருவர் முன்பு எழுதியது தவறு என்று கருதி மதத்தை மாற்றிவிடக்கூடும். அது நேராதபடி பயிற்சி வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும். எங்கள் சங்கங்களும் மடங்களும், ஏழெட்டு மாதம் முன்னதாகவே குடும்பங்களோடு பேசி, மதத்துக்கு என்ன சொல்வது, சாதிக்கு என்ன சொல்வது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளும்படி தயார்ப்படுத்தினால் நல்லது. வாசற்படியில் கணக்கெடுப்பாளர் நிற்கும்போது யோசித்தால், "எதுக்கு வம்பு" என்ற விடைதான் வரும்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். தமிழ்ச் சமணர் 90 ஆயிரம் என்ற வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்: அது 2011இல் தமிழ்நாட்டில் வாழ்ந்த எல்லாச் சமணருடைய எண்ணிக்கை என்று ஒரே வரி போதும். மதம், தாய்மொழி இரண்டையும் இணைத்த அட்டவணையை 2027 கணக்கெடுப்பிலாவது வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் தலையங்கத்தில் ஒருமுறை எழுப்புங்கள். 2011 தரவுகளிலிருந்தே அதை எடுக்க முடியுமானால் இன்னும் நல்லது. அந்தத் திண்ணையில் அரிசி பொறுக்கிய அம்மாள் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் அவருக்கு நேரே எழுதிய ஆறாம் எண்ணும், தமிழ் என்ற சொல்லும் மட்டும் எந்த அட்டவணையிலும் இன்னும் ஒன்றாகச் சேரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
வந்தவாசி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.